நாராயணப்பன் வீட்டுப் பாத்திரங்கள்

தெருக்கோடித் தொட்டியில் தளும்பத் தளும்ப நிரப்பிய செப்புக்குடம், மருமகள் மேகலா கேட்டைத் தாண்டி உள்ளே வருவதற்குள் காலியாகிவிட்டது. குடத்தில் இருந்திருக்க வேண்டியதெல்லாம் அவள் புடவையில் இருந்தது. ஆற்றில் இறங்கி எழுந்தவள் மாதிரி சொட்டச் சொட்ட நின்று, குடத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். மூன்று ஓட்டைகள். ஸ்கேல் வைத்துக் குறித்த மாதிரி அத்தனை சுத்தம்.

“அத்தை, இதுலயும் போட்டு வச்சிருக்காரு.”

லட்சுமியம்மாள் திரும்பவில்லை. கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். “பித்தளைத் தவலைய எடுத்துப் பாரும்மா.”

“அதுல அஞ்சு.”

நாராயணப்பன் போர்டிகோவில் பெஞ்சின் மேல் நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நைசாக நழுவிவிட்டவரின் களை முகத்தில் அப்படியே இருந்தது.

ஓசூர் சிப்காட்டில் ஒரு வால்வு கம்பெனியில் ஆயுசு முழுக்க ட்ரில்லிங் மெஷின் முன்னால் நின்ற மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நிம்மதியாகக் காபி குடித்தார். மத்தியானம் கை நடுங்கியது. சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு கை ட்ரில் வாங்கி வந்து, கண்ணில் பட்ட முதல் பாத்திரத்தில் ஓர் ஓட்டை போட்டார். நடுக்கம் நின்றுவிட்டது. எந்த டாக்டரும் அவ்வளவு சீக்கிரம் குணப்படுத்தியிருக்க முடியாது.

செடிக்குக் காசு கொடுத்துத் தொட்டி வாங்குகிறவன் மடையன் என்பது அவர் கொள்கை. தொட்டி என்றால் என்ன? அடியில் ஓட்டை உள்ள பாத்திரம். பாத்திரம் என்றால் என்ன? இன்னும் ஓட்டை போடாத தொட்டி. உலகத்துச் சாமான்களையெல்லாம் அவர் இந்த இரண்டே வகையாகத்தான் பிரித்தார். தெருவில் யார் வீட்டில் எது பழசானாலும் அது குப்பைக்குப் போகும் வழியில் நாராயணப்பன் குறுக்கே நிற்பார். கேட்டருகே ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் பீங்கான் வாய் நிறையப் பட்டுரோஜா பூத்து, வருகிறவர்களை வரவேற்றது. கிரைண்டர் டிரம்மில் கறிவேப்பிலை வளர்ந்தது. குக்கர்களில் கள்ளி. சீலிங் ஃபேன் இறக்கைகள் தட்டான்பூச்சிகளாகி மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட கரண்டிகள், காற்றடித்தால் ஆயிரம் பேருக்குப் பந்தி பரிமாறுகிற சத்தம் போட்டன. இட்லித் தட்டைப் பார்த்தால் மட்டும் அவருக்கு மனசு கஷ்டமாகிவிடும். கம்பெனிக்காரனே ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டானே என்று.

செடி கிடைக்கிற வேகத்துக்குப் பாத்திரம் தயாராக இருக்க வேண்டாமா? அதனால் பரணில் இருந்த குடம், தவலை, சொம்பு அத்தனைக்கும் முன்கூட்டியே ஓட்டை போட்டு, துடைத்து, மறுபடியும் பரணிலேயே கவிழ்த்து வைத்திருந்தார். அந்த வீட்டில் அவர் ட்ரில் படாத ஓட்டைகள் லட்சுமியம்மாளின் காதும் மூக்கும்தான். அவை கல்யாணத்துக்கு முன்பே குத்தியாகிவிட்டன.

சாவுக்கு வந்த பெண்கள்பாடுதான் திண்டாட்டம். “மகராசா, போயிட்டியே” என்று மாரில் அடித்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைவார்கள். பாதி வழியில் கை நின்றுவிடும். “அது எங்க வூட்டு மிக்ஸி ஜாருதான?” என்று பக்கத்தில் வருகிறவளிடம் உறுதி செய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அடித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கென்று பார்த்துப் பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மோட்டார் ஓடாது. மாடித் தொட்டியில் இருந்ததை விடியற்காலையில் நாராயணப்பனே ஒரு சொட்டு விடாமல் தோட்டத்துக்கு ஊற்றித் தீர்த்திருந்தார். ஊற்றிவிட்டு, அல்லித் தொட்டியின் ஓரத்தில் தான் போட்டுவைத்திருந்த பழைய அம்பாசடர் கார் சீட்டில் உட்கார்ந்தவர்தான். காபி ஆறுகிறதென்று லட்சுமியம்மாள் சமையலறையிலிருந்து வெகுநேரம் திட்டினாள். திட்டுக்கெல்லாம் தவறாமல் ‘ம்’ கொட்டுகிறவர் இன்று கொட்டவில்லை. அப்போதுதான் அவள் எட்டிப் பார்த்தாள்.

ஜவளகிரியிலிருந்து அண்ணன் எல்லப்பன் யானைக் கூட்டத்துக்கு வழிவிட்டு வந்து சேர்ந்தார். எந்தச் சாவுக்கும் அவர் தாமதமாகத்தான் வருவார். எப்போதும் யானைதான் காரணம். தடவைக்குத் தடவை யானைகள் பெருகிக்கொண்டே வந்து, இந்த முறை பதினேழாகியிருந்தன. தம்பியின் கால்மாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், துண்டை உதறித் தோளில் போட்டதும் சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார்.

“மொதச் சொம்புத் தண்ணி கட்டுனவ ஊத்தணும். அப்புறம்தான் மத்தவங்க. இந்த வூட்டுப் பாத்திரத்துல இருக்கிற தண்ணியாத்தான் இருக்கணும். அடுத்த வூட்டுப் பாத்திரம் ஆவாது. பிளாஸ்டிக்கு ஆவவே ஆவாது.”

“பெரியப்பா, பாத்ரூம்ல ஒரு சிவப்பு பக்கெட் நல்லா இருக்குது,” என்றான் மகன் பிரகாஷ். பெங்களூரில் ஏழாவது மாடியில் வசிப்பவன்.

“நீ பெங்களூர்ல சாவறப்ப பக்கெட்ல ஊத்திக்கடா.”

அப்போதுதான் எதிர்வீட்டு வெங்கடம்மா வாயைத் திறந்தாள். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் தெருவின் வரலாற்றை மனப்பாடமாக வைத்திருப்பவள். “பாத்திரம் கெடச்சா மட்டும்? அவ எப்படி ஊத்துவா? அவதான் சத்தியம் பண்ணியிருக்கறாளே.”

போர்டிகோவில் இருந்தவர்களெல்லாம் லட்சுமியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தியத்துக்குக் காரணம் ஓர் அண்டா. லட்சுமியம்மாளின் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா. உள்ளே நாலு பேர் உட்கார்ந்து தாயம் ஆடலாம் என்பாள் லட்சுமியம்மாள். கோபம் வந்தால் ஆறு பேர் ஆடுவார்கள். மேகலாவின் வளைகாப்புக்குப் பரணில் ஏறிப் பார்த்தபோது அண்டா இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது. நாராயணப்பனைக் கேட்டதற்கு, “எலி தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றார். அண்டாவைத் தூக்குகிற எலி இருந்தால் அதற்கு ஜவளகிரிக் காட்டில் தும்பிக்கை முளைத்திருக்கும். லட்சுமியம்மாள் நேராகத் தெருக்குழாய்க்குப் போய், குடங்களோடு நின்ற மொத்தத் தெருவையும் சாட்சி வைத்து, பின்னாலேயே வந்த கணவரைப் பார்த்துச் சொன்னாள்: “எங்கம்மா குடுத்த அண்டா வர்ற வரைக்கும், உங்க பொணத்துக்குக்கூட நான் ஒரு சொம்பு தண்ணி ஊத்த மாட்டேங்க.” எவ்வளவு ஆத்திரத்திலும் அந்த ‘ங்க’வை விடாத மனுஷி.

சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கமும் அவளிடம் கிடையாது. தங்கையோடு வந்த சண்டையில் விட்ட கத்தரிக்காயை, தங்கை சமாதானமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவள் தொடவில்லை. இப்போது தலைமாட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஊற்றினால் மனுஷன் ஜெயித்துவிடுவார். அந்த முகமே அதற்குத் தயாராகத்தான் இருக்கிறது. ஊற்றாவிட்டால், கட்டினவள் கைத்தண்ணீர் படாத வறண்ட தலையோடு போவார். காலையில் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்த மனுஷன்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக, விசிறியை நிறுத்தாமல். “எங்கன்னு சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல?”

அவர் ‘ம்’ கொட்டவில்லை.

வாசலில் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. பழைய இரும்புக்கடை ரசூல் இறங்கினார். தோட்டத்துச் சாமான்களில் தெரு கொடுத்தது பாதி என்றால் ரசூல் கொடுத்தது மீதி. தராசில் வைக்க வேண்டியதை நாராயணப்பன் கையில் வைத்தே வியாபாரம் கெட்டவர். வந்தவர் யாரையும் பார்க்காமல் நண்பரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மீசை நனையக் குலுங்கிக் குலுங்கி அழுதார். காலையிலிருந்து அந்த வீட்டில் முழுசாக விழுந்த முதல் அழுகை அதுதான்.

அழுது முடிக்கிற வரை காத்திருந்த பிரகாஷ் பக்கத்தில் வந்தான். “மாமா, பந்தல் போடக்கூட இடமில்ல. வண்டி வந்ததும் நல்லதாப் போச்சு. இதெல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடுங்க.”

“எறக்குனவன் நானு. ஏத்தறதுக்கும் நானாப்பா?” என்றார் ரசூல்.

லட்சுமியம்மாள் எழுந்தாள். காலையிலிருந்து அவள் எழுவது இதுதான் முதல் தடவை என்பதால் கூட்டமும் கூடவே எழுந்தது.

“பாய், நேரா கேக்கறேன். எங்க அண்டாவ உங்க கடையிலதான போட்டாரு?”

“அல்லா மேல ஆணையா இல்ல அண்ணி.”

“அப்ப எங்க போச்சு?”

ரசூல் வானத்தைப் பார்த்தார். மதில்மேல் இருந்த தட்டான்களைப் பார்த்தார். “சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் அண்ணி.”

“ஆக, உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்னும் நான் சொல்லல.” சொல்லிவிட்டு, சொன்னது போதுமா அதிகமா என்று புரியாமல் நண்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

இதற்குள் பிரகாஷ் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கியிருந்தான். “மொதல்ல இந்தத் தொட்டிய மண்ணப் போட்டு மூடிடலாம்மா. யாராச்சும் கால வுட்டு விழுந்துடப் போறாங்க.”

அல்லித் தொட்டி. தரைமட்டத்துக்குப் புதைத்து, விளிம்பை மறைத்து நீலப் பெயின்ட் அடித்த லாரி டயர் ஒன்றைப் போட்டு, நடுவில் வெள்ளை அல்லி இரண்டு. சிமென்ட் தொட்டி என்று சொல்லியிருந்தார். உள்ளே பாசியும் கப்பி மீன்களும். தினமும் சாயங்காலம் மிஞ்சின சோற்றை அதில் போட்டுக்கொண்டேதான் லட்சுமியம்மாள் அண்டாவைப் பற்றிப் புலம்புவாள். அவள் குரல் கேட்டாலே மீன்கள் மேலே வந்துவிடும்.

பிரகாஷ் முதல் மண்ணை வாரினான்.

“நிறுத்துடா.”

அவள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். காலையில் ஊற்றிய தண்ணீர் எல்லாவற்றின் அடியிலிருந்தும் ஒழுகித் தரை ஈரமாகிக் கிடந்தது. குக்கர், தவலை, டிரம், கக்கூஸ் என்று எதுவும் ஒரு வாய் தண்ணீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

“இதுல மட்டும் எப்படி தண்ணி நிக்குது?”

“அல்லிம்மா. தண்ணி நின்னாத்தான வளரும்?”

“அதான் கேக்கறேன். உங்கப்பா கையில சிக்குன எதுல தண்ணி நின்னுச்சு?”

ரசூல் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

லட்சுமியம்மாள் ஈரமண்ணில் மண்டியிட்டு, டயருக்கு அடியில் கையை விட்டாள். வழவழவென்று பாசி. அதற்குள்ளே வளைந்த உதடு. உதட்டை ஒட்டி, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். படிக்கக் கண் தேவைப்படவில்லை. அம்மா பாத்திரக்கடைக்காரனோடு சண்டை போட்டு இலவசமாக வெட்டவைத்த பெயர். கடைக்காரன் கோபத்தில் ‘லட்சுமி’யின் ‘ட்’டில் புள்ளியை விட்டுவிட்டிருந்தான். புள்ளி இல்லை.

“அடப் பாவி மனுஷா,” என்றாள். அந்த ஒரு தடவை ‘ங்க’ வரவில்லை.

இனிமேல் வாக்குக்கு என்ன மரியாதை என்று ரசூல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “நானும் அவரும்தான் குழி வெட்டினோம் அண்ணி, நீங்க போச்சம்பள்ளிக்குக் கல்யாணத்துக்குப் போனப்ப. கறிவேப்பிலைக்குத்தான் எடுத்தாரு. கவுத்துப் போட்டு, ட்ரில்ல கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. ‘பாய், இதுல ஓட்டை போட்டா அவ என்னைக் கொன்னுடுவா’ன்னாரு. ‘அப்ப திரும்பப் பரண்ல வச்சிடுங்கண்ணே’ன்னேன். நீங்க அதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்டீங்களாம். ‘இப்ப வச்சா எடுத்தது நான்தான்னு ஆயிடுமே பாய்’ன்னாரு. அப்புறம் எங்கயோ போயி அல்லிக் கிழங்கு வாங்கிட்டு வந்தாரு. ஓட்டை வேணாத செடி அது ஒண்ணுதானாம்.”

எல்லோரும் வெங்கடம்மாவைப் பார்த்தார்கள். சாட்சி அவள்தானே. வெங்கடம்மா அவசரப்படவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, டயருக்கு அடியில் தானும் கையை விட்டு, எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

“அண்டா வந்துடுச்சு,” என்று தீர்ப்பு சொன்னாள். “ஊத்து லட்சுமி.”

“இந்தப் பாசித் தண்ணியவா?” என்றார் எல்லப்பன். “மீனெல்லாம் நீந்துது.”

“கங்கையில நீந்தலயா மாமா?” என்றாள் லட்சுமியம்மாள். “நீங்க சொன்ன மாதிரி இந்த வூட்டுப் பாத்திரம். பித்தளை. பிளாஸ்டிக் இல்ல.”

எல்லப்பன் தன் சட்டங்களை மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். மீனுக்கு எதிராக எதுவும் கிடைக்கவில்லை. “அண்டாவத் தோண்டி எடுத்துட்டு வாங்க அப்ப.”

“அது வராது. அவரத் தூக்கிட்டு வாங்க.”

பெஞ்சோடு தூக்கி வந்தார்கள். காலையில் அவரை எங்கிருந்து எடுத்துப் போனார்களோ அதே இடத்தில், கார் சீட்டுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மேகலாவும் மற்ற பெண்களும் அல்லியைச் சட்டியோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் பூட்டி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வந்து மீன்களைப் பிடித்தார்கள். டம்ளருக்கு நாலைந்தாக மதில்மேல் வரிசையாக வைத்தபோது, பந்தியில் பாயசம் வைத்த மாதிரி இருந்தது. சாவு வீடு என்பதை மறந்து இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பலமாக அழுதார்கள்.

லட்சுமியம்மாள் கையில் யாரோ ஒரு சொம்பைக் கொடுத்தார்கள். மொண்டு எடுத்தாள். அதிலும் ஓட்டைதான். அவள் சாய்த்து ஊற்றுவதற்கு முன்பே அது ஊற்ற ஆரம்பித்துவிட்டது. மூன்று மெல்லிய தாரைகளாக அவர் உச்சந்தலையில், நெற்றியில், மூக்கு நுனியில் இறங்கியது. சொம்பு தீர்கிற வரை அவள் கையை அசைக்கவில்லை. அப்புறம் இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னொன்று.

“கட்டுனவளுக்கு ஒரு சொம்புதான் கணக்கு,” என்றார் எல்லப்பன்.

“ஒழுகுதுல்ல மாமா,” என்றாள் அவள். “ஒரு சொம்பு ஆவறதுக்கு நாளாவும்.”

மகன், மருமகள், பங்காளிகள், தெரு என்று ஒவ்வொருவராக மொண்டு ஊற்ற, அண்டா வற்றியது. கடைசிச் சொம்பை எடுத்துவிட்டு நிமிர்ந்த மேகலா, “அத்தை, அடியில என்னமோ தடுக்குது” என்றாள். லட்சுமியம்மாள் கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் தடவினாள். அடிப்பாகத்தின் நட்டநடுவில் உள்பக்கம் புடைத்து, மிளகு அளவுக்கு ஒரு மேடு. ட்ரில் போடுவதற்கு முன்னால் இடம் குறிக்க வெளிப்பக்கத்தில் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார்களே, அந்தத் தட்டு. தட்டியதோடு சரி. அதற்குமேல் போகவில்லை. அவள் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“என்னத்தை?”

“ஒண்ணுமில்ல. பாசி.”

கிளம்புகிற நேரத்தில் எல்லப்பனுக்குக் கடைசிச் சட்டம் ஞாபகம் வந்தது. “சாவுத் தண்ணி எடுத்த பாத்திரம் திரும்ப வூட்டுக்குள்ள வரக் கூடாது, ஆமா. சொல்லிட்டேன்.”

“உள்ள எங்க வருது? தோட்டத்துலதான கெடக்குது,” என்றாள் லட்சுமியம்மாள்.

ஆண்கள் எடுத்துப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள், சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டில்தான். சட்டம் சுடுகாட்டுக்குப் போயிருந்தது. கழுவி முடிக்கிற சமயத்தில் கரண்டு வந்து, யாரும் போடாமலே மோட்டார் ஓடியது. லட்சுமியம்மாள் அல்லிச் சட்டியை மறுபடி அண்டாவுக்குள் ஓரமாக இறக்கி, ஓஸை இழுத்து அதில் விட்டாள்.

சாயங்காலம் பிரகாஷ் தலையை மழித்துக்கொண்டு, கேட்டருகே நின்றே கால் கழுவினான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். “ம்மா, அங்க தண்ணிப் பானைய தோள்ல வச்சி மூணு சுத்து சுத்தணும்ல? ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஓட்டை போடுவாங்க. அவசரத்துல நம்ம மதிலோரம் கெடந்த மண்பானையத்தான் எடுத்துட்டுப் போயிட்டோம். அருவாள எடுத்தா, ஏற்கெனவே மூணு. அப்பாவே போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. தண்ணி தீர்றதுக்குள்ள மூணு சுத்தையும் ஓடியே சுத்துனேன். பெரியப்பா பின்னாலயே திட்டிக்கிட்டு ஓடி வர்றாரு.”

லட்சுமியம்மாளின் உதடு ஓரத்தில் என்னவோ அசைந்தது.

“ரசூல் மாமா வண்டி நிக்குதும்மா. சாமானெல்லாம் ஏத்திடலாமா?”

“ஏத்து. ஓட்டை இல்லாததா பாத்து ஏத்து.”

பிரகாஷ் தோட்டத்தைச் சுற்றி வந்தான். குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தான். டிரம்மின் அடியில் எட்டிப் பார்த்தான். கக்கூஸ் பீங்கானைப் பார்த்துவிட்டு யோசித்தான். ரசூல் வண்டியின் பின்கதவைத் திறந்து, நேற்று நாராயணப்பனுக்கென்று எடுத்து வைத்திருந்த அலுமினியப் பால் கேன் ஒன்றைச் சத்தமில்லாமல் இறக்கி, வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

லட்சுமியம்மாள் மதில்மேல் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து அண்டாவில் சாய்த்தாள். பிறகு கார் சீட்டில் உட்கார்ந்தாள். சோறு இல்லை, அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அவள் குரல் கேட்டால் மேலே வருகிற மீன்கள், குரலும் இல்லாமல், சோறும் இல்லாமல், தெளிந்த புதுத் தண்ணீரில் அங்குமிங்கும் அலைந்தன. ஒரு குஞ்சு மட்டும் அடிக்குப் போய், நடுவில் இருந்த அந்த மிளகளவு மேட்டை வாயால் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.